முன்வில்லை இல்லாத பழைய சைக்கிள்: செய்தது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மன்னார்குடிக்கு அருகே உள்ள பூர்வீக வீட்டின் மாட்டுக்கொட்டகையில் தாத்தாவின் சைக்கிள் ஃபிரேம் கிடைத்திருக்கிறது. கழுத்துக் குழாயில் கம்பெனிப் பெயர் பொறித்த வில்லை இல்லை, இரண்டு ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. மேலே பச்சை எனாமல், அதற்கு அடியில் கறுப்பு. செயின் சக்கரத்தில் பி.எஸ்.ஏ. என்று வெட்டியிருக்கிறது. ஆனால் தாத்தா கடைசிவரை "என் ராலே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பின்சக்கர ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்கூட்டில், ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரும் 51, 8 என்ற எண்களும் இருக்கின்றன. இது யார் செய்த சைக்கிள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

படங்களைப் பார்த்தவரை உங்கள் தாத்தா சொன்னதுதான் சரி. இது ராலே ஃபிரேம். செயின் சக்கரம் வேறு வண்டியிலிருந்து வந்தது. ஆனால் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த ராலேயா, வங்காளத்தின் ஆசன்சாலில் செய்த ராலேயா என்பது இன்னும் தீரவில்லை. அதைத் தீர்க்கும் வழியையும், நான் ராலே என்று சொல்வதற்கான காரணங்களையும் எழுதுகிறேன். முன்வில்லை இல்லாத எந்தப் பழைய சைக்கிளுக்கும் இதே வழி பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேண்டுகோள். உப்புத்தாளை எடுக்காதீர்கள், பெயின்டரிடமும் கொடுக்காதீர்கள். அந்தப் பச்சை எனாமலுக்கு அடியில் இருக்கும் கறுப்புதான் தொழிற்சாலைப் பூச்சு. அதன் மேல் சிவப்பு, பொன்நிறக் கோடுகளும், ஒட்டுப்படமாகப் பதித்த பெயரும் ஊரும் இன்னும் இருக்கக்கூடும். ஒரு மணி நேரம் தாளால் தேய்த்தால் அத்தனையும் தூளாகிவிடும். பிறகு யாராலும் மீட்க முடியாது. டெல்டாவில் நல்ல பழைய சைக்கிள்கள் பலவற்றின் அடையாளம் துருவில் அழியவில்லை. ஆசையாகப் புதுப்பித்தவர்களின் கையில்தான் அழிந்தது.

அடுத்து, கழற்றி மாட்டக்கூடிய எதையும் முதல் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் பகுதியில் சைக்கிள் என்பது உழைத்த வண்டி. நெல் மூட்டை, வைக்கோல், தேங்காய், பால் கேன் எல்லாம் ஆற்றங்கரை வழியாக அதன் முதுகில்தான் போயின. அப்படி ஓடிய வண்டியில் பெடல், செயின், ரிம், சீட் என்று ஒவ்வொன்றாகத் தேய்ந்தது, தேயத் தேய மாற்றினார்கள். சைக்கிள் கடைக்காரர் தன்னிடம் இருந்ததைப் போட்டார், வண்டி ஓடியது, அதுதான் அன்றைக்குத் தேவை. செயின் சக்கரம் அப்படி மாறுவது மிக எளிது. கிராங்கை, அதாவது பெடல் மாட்டும் இரும்புக் கையை, அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னைத் தட்டி எடுத்தால் வலது கிராங்கோடு சக்கரமும் கழன்று வந்துவிடும். எனவே பி.எஸ்.ஏ. என்ற எழுத்து அந்தச் சக்கரத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது.

ஆனாலும் செயின் சக்கரங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அன்றைய ஆங்கிலக் கம்பெனிகள் தங்கள் சின்னத்தை அதிலேயே வெட்டி வைத்தன. ராலே சக்கரத்தில் மூன்று நாரைத் தலைகள் இருக்கும். ஹம்பர் சக்கரத்தில் ஐந்து மனித உருவங்கள் கைகோத்து ஓடுவதுபோல் நிற்கும். ரட்ஜ் சக்கரத்தில் விரித்த உள்ளங்கை. பி.எஸ்.ஏ. தன் மூன்று எழுத்துகளையே வெட்டியது. ஃபிரேமும் சக்கரமும் ஒரே பெயரைச் சொன்னால் அது வலுவான சான்று. வேறு வேறு பெயர் சொன்னால் ஃபிரேமை நம்புங்கள்.

இப்போது ஃபிரேமுக்கு வருவோம். நான் முதலில் பார்ப்பது முன்ஃபோர்க்கின் தலையை. கழுத்துக் குழாய்க்குக் கீழே, ஃபோர்க்கின் இரு கால்களும் சேரும் இடம் அது. தொழிற்சாலைகளின் கைவேலை அங்கேதான் அதிகம் வேறுபடும். ராலே ரோட்ஸ்டர்களில், அதாவது சாதாரணச் சாலை வண்டிகளில், ஃபோர்க் தலை குழாய் வடிவில் இருக்கும். இரு பக்கத் தோள்களிலும் தையல்காரர் விரலில் மாட்டும் கூடு போன்ற உருண்டை மூடிகள் பளபளப்பாக உட்கார்ந்திருக்கும். உங்கள் படத்தில் பச்சைப் பூச்சுக்குள் அமுங்கியிருந்தாலும் அந்த இரண்டு உருண்டைகளும் தெளிவாகத் தெரிகின்றன. நான் ராலே என்று சொல்வதற்கு முதல் காரணம் அதுதான். ஹம்பரை இன்னும் எளிதாகக் கண்டுகொள்ளலாம். அதன் உயர்வகை வண்டிகளில் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் ஒரு தடித்த குழாயாக இல்லாமல் இணையாகச் செல்லும் இரண்டு மெல்லிய குழாய்களாக இருக்கும். பத்தடி தொலைவிலிருந்தே தெரியும்.

ஃபோர்க்கையும் மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மாட்டு வண்டியில் மோதி ஃபோர்க் வளைந்து, வேறு ஃபோர்க் போட்ட வண்டிகள் நிறைய உண்டு. அதனால்தான் இரண்டாவது சோதனை, மரை, அதாவது திருகுப் புரி. ராலே தன் பெடல் அச்சுக் கூட்டிலும் கழுத்துத் தண்டிலும் ஓர் அங்குலத்துக்கு 26 மரைகள் வெட்டியது. மற்ற ஆங்கிலத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் 24 மரைகள் வெட்டின. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ உள்ள எந்த லேத் பட்டறையிலும் மரை அளக்கும் பல்தகடு இருக்கும். பெடல் அச்சைத் தாங்கும் கப்பைக் கழற்றி, மண்ணெண்ணெயில் துடைத்து, அந்தத் தகட்டை மரையில் பதித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்போதே அச்சுக் கூட்டின் அகலத்தையும் வெர்னியரால் அளந்துவிடுங்கள். மற்றவை பொதுவாக 68 மில்லிமீட்டர். ராலே ரோட்ஸ்டர்களில் அதைவிட அகலமாக, பெரும்பாலும் 76 மில்லிமீட்டர் இருக்கும்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. செயின் பக்கத்துக் கப் எதிர்மரை கொண்டது; கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பல ஆண்டுகளாக மாட்டுக்கொட்டகை ஈரத்தில் கிடந்த ஃபிரேம் என்பதால் இரண்டு நாளாவது மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊறவிடுங்கள். சம்மட்டியால் அடித்துக் கழற்ற முயன்று கூட்டில் விரிசல் விட்ட ஃபிரேம்களைப் பார்த்திருக்கிறேன். கப் அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கழுத்துத் தண்டின் மரையை மட்டும் அளந்தாலும் போதும்.

26 மரை என்பது நாட்டிங்ஹாம் தொழிற்சாலையின் அடையாளம்; வண்டியின் பெயருக்கு அது சான்று ஆகாது. ராலே மற்ற கம்பெனிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக்கொண்டே வந்தது: 1932இல் ஹம்பர், 1943இல் ரட்ஜ், 1954இல் டிரையம்ஃப் சைக்கிள், 1957இல் பி.எஸ்.ஏ. சைக்கிள். 1960இல் ஹெர்குலிஸ், பிலிப்ஸ் ஆகிய பெயர்களை வைத்திருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தின் சைக்கிள் பிரிவும் ராலேயும் ஒன்றாயின. அதற்குப் பிறகு நாட்டிங்ஹாமிலேயே செய்து பிலிப்ஸ் என்றோ பி.எஸ்.ஏ. என்றோ வில்லை அடித்து வெளியே அனுப்பிய வண்டிகள் உண்டு. எனவே 1960க்குப் பிந்தைய ஆங்கில வண்டி என்றால் மரையை மட்டும் வைத்துப் பெயர் சொல்லக் கூடாது. இந்தியத் தொழிற்சாலைகளின் வண்டிகளிலும் மரையை மட்டும் வைத்து முடிவுக்கு வரவேண்டாம்.

இதற்கு நேர் எதிரான குழப்பம் ஒன்றும் உண்டு. அச்சுக் கூட்டிலோ, குழாய்கள் சேரும் மூட்டில் உறைபோல் இருக்கும் லக்கிலோ மூன்று துப்பாக்கிகளை முக்காலிபோல் சாய்த்து வைத்த சின்னம் இருந்தால் அது பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. முத்திரை. துப்பாக்கித் தொழிற்சாலையாகப் பிறந்த கம்பெனி அது. ஆனால் அது தன் பாகங்களை மற்ற சிறு கம்பெனிகளுக்கும் விற்றது. அந்தப் பாகங்களை வாங்கி, குழாய்களைப் பித்தளையால் பற்றவைத்துத் தங்கள் பெயரில் விற்றவர்கள் இங்கிலாந்து முழுவதும் இருந்தார்கள். முத்திரை இருப்பதால் மட்டும் முழு வண்டியும் பி.எஸ்.ஏ. ஆகிவிடாது.

அடுத்து எண். உங்கள் படங்களில் இது விடுபட்டிருக்கிறது. சீட் தண்டு நுழையும் லக்கின் பின்புறமோ பக்கவாட்டிலோ முதலில் தேடுங்கள். ராலேயில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அங்கே இல்லையென்றால் பெடல் அச்சுக் கூட்டின் அடிப்பக்கம், அதன் பிறகு பின்சக்கர அச்சு உட்காரும் இடது முனை. நம் வயல்சேற்றில் தள்ளிக்கொண்டு போன வண்டிகளில் அடிக்கூட்டின் களிமண் இறுகிக் கல்லாகியிருக்கும். மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம். எண் இருக்கும் இடத்தில் மட்டும், விரல் அகலத்துக்குத் தின்னரைப் பஞ்சில் தொட்டு மேல்பூச்சை மெதுவாக எடுங்கள். பிறகு இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத எழுத்து பக்க ஒளியில் எழுந்து நிற்கும். அப்போதும் தெரியவில்லை என்றால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். பெரிய கோயில் சுவரில் மைப்படி எடுப்பவர்கள் செய்யும் வேலைதான் இது. எழுத்தின் பள்ளத்தில் திருநீற்றையோ சாக்பீஸ் தூளையோ தடவினாலும் தெளிவாகும்.

எண் கிடைத்ததும் எல்லாம் விளங்கிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். எண் வரிசைகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனியிலேயே ஒரே எண்கள் வெவ்வேறு காலத்தில் திரும்பவும் வந்திருக்கின்றன. ஃபோர்க், மரை, லக் ஆகியவை பெயரைச் சொன்ன பிறகுதான் எண் காலத்தைச் சொல்லும். பெயர் உறுதியானதும் பிரிட்டனின் வெட்டரன் சைக்கிள் கிளப்புக்கு எழுதிக் கேட்கலாம். ஒவ்வொரு கம்பெனியின் வண்டிகளையும் ஆழமாகத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

வில்லை போன இடத்தில் இருக்கும் ஓட்டைகளைப் பற்றிப் பலர் கவலைப்படுவதே இல்லை. எனக்கு அவை மிக முக்கியம். நம் ஊரில் வில்லைகள் காணாமல் போனதற்குக் காரணம் உண்டு. அவை பித்தளை. நாச்சியார்கோயிலும் கும்பகோணமும் உலோக வேலைக்குப் பெயர்போன ஊர்கள். பழைய பித்தளைக்கு இங்கே எப்போதும் விலை இருந்தது. மிஞ்சிய வில்லைகளையோ ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் துலக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, எழுத்தே தெரியாத அளவுக்கு வழவழப்பாக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் வில்லை போனாலும் அதன் நிழல் இருக்கும். தொழிற்சாலைக் கறுப்பின் மேல் வில்லை மறைத்திருந்த பகுதி மட்டும் வெயில் படாமல் வேறு நிறத்தில் நிற்கும். பச்சை எனாமல் அடிக்கும்போது வில்லை இருந்ததா என்பதும் அதில் தெரிந்துவிடும்: இருந்திருந்தால் அந்த வடிவத்தின் ஓரத்தில் பச்சை சட்டென்று நின்றுவிடும். இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து, அவை மேலும் கீழுமாக இருக்கின்றனவா பக்கவாட்டில் இருக்கின்றனவா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அசல் வில்லை வைத்திருக்கும் ஒருவரிடம் அந்த அளவை ஒப்பிட்டால் போதும்.

இனி, நாட்டிங்ஹாமா ஆசன்சாலா என்ற கேள்வி. நம் பகுதிப் பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் இது பொது. வீட்டில் "இங்கிலீஷ் சைக்கிள்" என்று சொல்வார்கள். வில்லையிலும் ஆங்கிலப் பெயர்தான் இருக்கும். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு அதே பெயர்களில் இங்கேயே வண்டி செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1949இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின, சென்னைக்கு அருகே அம்பத்தூரிலிருந்து 1951இல் ஹெர்குலிஸ் வெளிவந்தது, பிறகு பிலிப்ஸும் பி.எஸ்.ஏ.வும். ஆசன்சாலில் சென் ராலே தொழிற்சாலை 1950களின் தொடக்கத்தில் ராலே வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. ஹம்பர், ரட்ஜ், ராபின்ஹுட் பெயர்களும் அங்கிருந்தே வந்தன. ஆக, டெல்டாவில் ஹெர்குலிஸ் என்றால் பர்மிங்ஹாமாகவும் இருக்கலாம், அம்பத்தூராகவும் இருக்கலாம். சொந்த இந்தியப் பெயர்கள் தனி: பம்பாயின் ஹிந்த், சோனிபட்டில் 1951இல் தொடங்கிய அட்லஸ், லூதியானாவில் 1956இல் தொடங்கிய ஹீரோ.

அம்பத்தூர் வண்டி என்று தெரிந்ததும் சிலர் முகம் வாடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மண்சாலையில் மூட்டை சுமந்து, ஐம்பது ஆண்டு கழித்தும் நேராக நிற்கும் ஃபிரேம் அது. நம் தொழிலாளர்கள் பற்றவைத்த லக்குகளை உற்றுப் பாருங்கள்; வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை.

இங்கிலாந்து வண்டியையும் இந்திய வண்டியையும் பிரிக்க, சிறு பாகங்களில் தொடங்குங்கள். இங்கிலாந்தில் செய்தது என்ற ஆங்கில எழுத்து பிரேக் கம்பி முட்டுகளிலும் கிராங்கிலும் மணியிலும் அடித்திருக்கும். ஒரே ஒரு பாகத்தில் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். பல பாகங்களில் ஒன்றுபோல இருந்தால் கணக்கில் எடுக்கலாம். மாறாக, அசல்போல் தெரியும் பாகங்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அந்தப் பாகம் 1950களின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த முத்திரைக்கான சட்டமே 1952இல்தான் வந்தது. எல்லாவற்றையும்விட உறுதியான சான்று, சீட் குழாயில் பச்சைக்கு அடியில் இருக்கும் ஒட்டுப்படம். நாட்டிங்ஹாம் என்ற ஊர்ப்பெயரோ இந்தியத் தயாரிப்பு என்ற சொல்லோ அதில் இருக்க வாய்ப்பு அதிகம். சீட் குழாயின் முன்புறத்தில், உள்ளங்கை அளவு இடத்தில், பச்சையை மட்டும் பொறுமையாக எடுங்கள். கறுப்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

ஹப்பில் உள்ள 51, 8 என்பது 1951 ஆகஸ்ட். ஸ்டர்மி ஆர்ச்சர் தன் கியர் ஹப்புகளில் செய்த ஆண்டையும் மாதத்தையும் அடித்துவிடும். அந்தக் கம்பெனியும் ராலேயின் கைக்குள் இருந்ததுதான். சக்கரம் அசலாக இருந்தால் வண்டி 1951 கடைசியிலோ 1952இலோ விற்பனைக்கு வந்திருக்க வேண்டும். அசலா என்று பார்க்கப் போக்ஸ் கம்பிகளை எண்ணுங்கள்: முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என்பதே அன்றைய ரோட்ஸ்டர் கணக்கு. 28 அங்குல ரிம்மும் அந்தக் கணக்குக்குப் பொருந்த வேண்டும்.

அந்தத் தேதியைக் குடும்பத்தின் நினைவோடு சேர்த்துப் பாருங்கள். "எந்த ஆண்டு வாங்கினீர்கள்" என்று பெரியவர்களைக் கேட்டால் பதில் வராது. புயலை வைத்துக் கேளுங்கள். 1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல், 1955 புயல், 1977 புயல் ஆகியவற்றை இங்கே யாரும் மறக்கவில்லை. "அந்தப் புயலின்போது சைக்கிள் வீட்டில் இருந்ததா?" என்று உங்கள் பெரியத்தையிடம் கேட்டால், இருந்தது அல்லது இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுவார். 1952 புயலுக்கு முன்பே வீட்டில் இருந்தது என்றால் நாட்டிங்ஹாம் பக்கம் தராசு நன்றாகவே சாயும்.

பழைய டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு தகட்டு வில்லை கொடுத்த காலம் அது. ஊர்ப்பெயரும் ஆண்டும் அடித்த அந்த வில்லைகள் சாவிக்கொத்திலோ ஆணிப் பெட்டியிலோ இன்றும் கிடைக்கின்றன. அவற்றுள் மிகப் பழையது எந்த ஆண்டு என்று பாருங்கள்.

மேலே இரட்டைப் பார் இருக்கிறதே, அது அசலா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டாவது பார் கழுத்துக் குழாயைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அங்கே லக் இருந்தால் தொழிற்சாலையில் வைத்தது. படத்தில் லக் தெரியவில்லை. குழாய் நேராக ஒட்டி, சுற்றிலும் வெல்டிங் திட்டுத்திட்டாக நிற்கிறது. மூட்டை ஏற்றுவதற்காக உள்ளூர்ப் பட்டறையில் பின்னால் சேர்த்தது அது. அதை வெட்டி எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. வெட்டினால் கழுத்துக் குழாய் பலவீனமாகும். அதோடு உங்கள் தாத்தா அந்த வண்டியால் என்ன வேலை செய்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்து எனக்கு நான்கு படங்கள் வேண்டும். சீட் லக்கின் பின்புறம் பக்க ஒளியில் ஒன்று. ஓட்டைகளுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கழுத்துக் குழாய் ஒன்று. பெடல் அச்சுக் கூட்டின் அடிப்பக்கம் ஒன்று. பச்சையை எடுத்த பிறகு சீட் குழாயின் முன்புறம் ஒன்று. லேத் பட்டறையில் அளந்த மரை எண்ணிக்கையையும் எழுதுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் ஃபிரேமைக் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்து, தலைகீழாக நிறுத்தி, சீட் குழாய்க்குள் தேங்கிய தண்ணீரை முதலில் வடித்துவிடுங்கள்.